மிலோஸ் தீவின் மீனவர் கரைக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கத்தின் மிலோஸ் தீவுக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை செப்டம்பரில் ஒரு வாரம், அடுத்தது மே மாதம் பத்து நாள். கிளிமா என்ற மீனவர் கரையின் படங்களைப் பார்த்த நாளிலிருந்து உறவினர்களும் நண்பர்களும், அவர்கள் மூலம் பழக்கமானவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

கிரீஸ் தீவுன்னா சாந்தோரினிதானே? மிலோஸ் எங்க இருக்கு?

ஏஜியன் கடலில் சிக்லாடிஸ் என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. சாந்தோரினி, மிக்கோனோஸ், நாக்ஸோஸ் எல்லாம் அதில் சேர்ந்தவை. மிலோஸும் அதில் ஒன்று, தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 5,000. எரிமலையால் உருவான தீவு என்பதால் சில இடங்களில் பாறை சுண்ணாம்பு போல் வெளுத்தும், சில இடங்களில் கந்தகத்தால் மஞ்சள் பூத்தும் கிடக்கும். ஆப்சிடியன் என்ற கறுப்புக் கண்ணாடிக் கல்லைத் தேடி, உலோகம் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே மனிதர்கள் இங்கே படகேறி வந்திருக்கிறார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் குதிரை லாடம் போல் இருக்கும். நடுவில் பெரிய வளைகுடா, அதன் உள்மடியில் ஆதாமாஸ் துறைமுகம். வளைகுடாவின் கிழக்குக் கரையில், மலைச்சரிவின் அடியில் கிளிமா. மேலே குன்றின் மீது திரிபிதி என்ற ஊரும், தீவின் தலைநகரான பிளாக்காவும். இந்த மேல் ஊர், கீழ்க் கரை உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னையிலிருந்து எப்படிப் போறது?

ஏதென்ஸ் வரை விமானம். சென்னையிலிருந்து பொதுவாக வளைகுடா நாட்டு நகரம் ஒன்றில் மாறித்தான் போக வேண்டியிருக்கும். ஏதென்ஸிலிருந்து மிலோஸுக்குச் சிறிய விமானம் உண்டு, 40 நிமிடம் ஆகும். ஆனால் முடிந்தால் கப்பலில் போங்கள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து அதிவேகக் கப்பல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் எடுக்கும், சாதாரணக் கப்பல் ஐந்திலிருந்து ஏழு மணி நேரம்.

எனக்குப் பிடித்தது சாதாரணக் கப்பல்தான். மேல்தளத்தில் நிற்கலாம், காற்று வாங்கலாம், கட்டணமும் குறைவு. மிலோஸின் வளைகுடாவுக்குள் கப்பல் நுழையும்போது இடதுபக்கக் கைப்பிடியோரம் போய் நின்றுகொள்ளுங்கள். கிளிமாவின் வண்ணக் கதவுகள் நீரோரத்தில் வரிசையாகக் கடந்து போகும். அந்த ஊரைக் கடலிலிருந்து பார்ப்பதுதான் சரியான முதல் பார்வை.

விசா எடுக்கறது கஷ்டமா?

இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் ஷெங்கன் விசா வேண்டும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. பயணத்தில் அதிக நாள் கிரேக்கத்தில் என்றால் கிரேக்கத்திடமே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கோடையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது சிரமம், அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

எந்த மாசம் போனா நல்லது?

மே கடைசி, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் வாரம். நீரில் இறங்க ஆசை என்றால் செப்டம்பர், ஏனென்றால் கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் இதமாக இருக்கும். மே மாதத்தில் மலைச்சரிவெல்லாம் பூ, ஆனால் தண்ணீர் சில்லென்று கடிக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் இரண்டு சிக்கல். ஒன்று கூட்டமும் விலையும். இன்னொன்று மெல்தேமி. வடக்கிலிருந்து வீசும் கோடைக்காற்று அது. வானம் தெளிந்து நீலமாக இருக்கும், மழைக்கான அறிகுறியே இருக்காது, ஆனால் நாள்கணக்கில் பலமாக வீசும். அப்போது தீவின் வடகரையில் மந்திராக்கியா, ஃபிரோபொத்தமோஸ் போன்ற இடங்களில் கடல் கொந்தளிக்கும். வளைகுடாவுக்குள் ஒதுங்கியிருக்கும் கிளிமாவில் நிலைமை பெரும்பாலும் பரவாயில்லை.

சிர்மா சிர்மான்னு எழுதறீங்களே, அது வீடா, படகு நிறுத்தற கொட்டகையா?

இரண்டும்தான். கிரேக்க மொழியில் ‘இழுத்தல்’ என்ற சொல்லோடு தொடர்புடைய பெயர் அது. பன்மையில் சிர்மாத்தா என்பார்கள். படகை நீரிலிருந்து இழுத்து உள்ளே ஏற்றி வைக்கும் இடம். எரிமலைப் பாறை மென்மையாக இருப்பதால் கரையோரச் சரிவைக் குடைந்தே பல சிர்மாக்களை உண்டாக்கியிருக்கிறார்கள். தரைத்தளத்தில் அகன்ற மரக்கதவு, உள்ளே படகு, வலை, கயிறு, தூண்டில் சாமான்கள். கிளிமாவில் அதன் மேல் ஒரு மாடி கட்டிக் குடும்பம் தங்கியது. மற்றக் கரைகளில் பல இடங்களில் மாடியே கிடையாது, வெறும் குகையும் கதவும்தான்.

இதை ‘பழங்கால மீனவக் கிராமம்’ என்று நாம் சொல்வதில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. பல நூற்றாண்டுகள் ஏஜியனில் கொள்ளையர் பயம் இருந்தது. கரையில் குடியிருப்பது ஆபத்து. அதனால்தான் சிக்லாடிஸ் தீவுகளில் தலைநகரங்கள் பெரும்பாலும் குன்றின் மேல் நெருக்கமாகக் கட்டப்பட்டவை. மக்கள் மேலே வாழ்ந்தார்கள், படகு கீழே இருந்தது. திரிபிதிக்காரர்களுக்குக் கிளிமா ஊரின் கீழ்வாசல் மாதிரி. மீன் பாடு உள்ள நாள்களில் இறங்கி வந்து தங்குவது, முடிந்ததும் ஏறிப் போவது. இன்றும் பல சிர்மாக்கள் மேல் ஊர்க் குடும்பங்களின் சொத்துதான். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை.

இது புரிந்துவிட்டால் அங்கே எப்படி நடந்துகொள்வது என்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும். நீங்கள் பார்க்கப் போவது தெரு இல்லை, ஒருவருடைய வேலைக்களமும் திண்ணையும்.

வாசப்படியிலயே கடல் நிக்குதே, அலை வீட்டுக்குள்ள வராதா?

நம் கடற்கரையைப் பழகிய எல்லோரும் இதைக் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு. நம் ஊரில் நீர் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும், அங்கே ஏற்றமும் வற்றமும் சில விரற்கடைதான். அதனால்தான் நீர்மட்டத்துக்கு ஒட்டினாற்போல் வாசல் வைக்க முடிகிறது. வளைகுடா வேறு அலையை அடக்கிவிடுகிறது.

ஆனால் தெற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ காற்று அடித்தால் கதை வேறு. அலை கதவில் மோதும், கரையோர நடைபாதை முழுவதும் நனையும். ஆதாமாஸுக்குப் பெரிய கப்பல் போகும்போதுகூட, அது கடந்து சில நிமிடம் கழித்து அலை வந்து படியேறும். செப்டம்பர் மாலையில் படியோரம் செருப்பைக் கழற்றி வைத்து உட்கார்ந்திருந்தேன், ஒரு செருப்பு நீரில் போய்விட்டது. பக்கத்து வாசலில் இருந்த பாட்டி நீளக் கழியால் அதை எடுத்துக் கொடுத்தார். இதற்கென்றே வைத்திருக்கும் கழி போல இருந்தது.

கதவு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர், டூரிஸ்ட்டுக்காக அடிச்சதா?

இல்லை. கடலிலிருந்து திரும்பும்போது தன் கதவைத் தூரத்திலேயே அடையாளம் காண ஒவ்வொருவரும் ஒரு நிறம் தீட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். படகுக்கு அடித்த பெயின்ட் மீந்ததைக் கதவுக்கும் ஜன்னலுக்கும் அடித்தார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. உப்புக்காற்றில் மரம் சீக்கிரம் கெடும் என்பதால் அடிக்கடி பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். அழகு என்பது அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

கிளிமா ஒண்ணுதானா, வேற கரையும் பார்க்கணுமா?

கண்டிப்பாகப் பாருங்கள். மந்திராக்கியா வடகரையில் ஒரு குட்டித் துறை. நடுவில் சின்ன வெள்ளைத் தேவாலயம், அதைச் சுற்றிச் சிர்மாக்கள், ஒரு தவேர்னா. தவேர்னா என்றால் வீட்டுச் சமையல் பாணியில் நடக்கும் சாப்பாட்டுக் கடை. ஃபிரோபொத்தமோஸில் சிர்மாக்களோடு குளிக்க ஏற்ற அமைதியான கடற்கரையும் உண்டு. ஃபூர்கோவூனி, அரெத்தி, ஸ்கினோப்பி போன்றவை இன்னும் சிறியவை, வண்டி நிறுத்தவும் இடம் இருக்காது.

வடகிழக்கு முனையில் பொல்லோனியா. இது குன்றின் கீழ்வாசல் இல்லை, தானே ஒரு முழு ஊர். மரநிழல், மீன்கடைகள், காலையில் வலையை உதறும் படகுகள். அங்கிருந்து கிமோலோஸ் தீவுக்குச் சிறிய கார்ப் படகு அரைமணிக்கும் குறைவான நேரத்தில் போய்விடும். கிமோலோஸில் கூப்பா என்ற கரையில் இதே போன்ற சிர்மாக்கள், பத்தில் ஒரு பங்குகூடக் கூட்டம் இல்லாமல். எனக்கு மனசு ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

சிர்மாவிலேயே தங்க முடியுமா?

முடியும். பல குடும்பங்கள் தங்கள் சிர்மாவைப் புதுப்பித்து வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் விலை அதிகம், ஜூலை ஆகஸ்டுக்கு ஆறேழு மாதம் முன்பே நிரம்பிவிடும். 2025 நிலவரப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இப்படிப்பட்ட குறுகிய கால வாடகை வீடுகளுக்கு இரவுக்கு 8 யூரோ அரசு வரி தனி. பதிவு செய்யும்போது அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை: இரண்டு இரவு கிளிமாவில், மீதி நாள் பிளாக்காவிலோ ஆதாமாஸிலோ. கிளிமாவில் கடைத்தெரு கிடையாது. பால், தண்ணீர், ரொட்டி எல்லாம் மேலே போய் வாங்கி வர வேண்டும். குடிக்கப் பாட்டில் தண்ணீர்தான். கழிவறையில் காகிதத்தைக் குழிக்குள் போடாமல் பக்கத்துத் தொட்டியில் போடுவது நாடு முழுக்க உள்ள வழக்கம், குழாய்கள் ஒடுக்கம். ஆனால் அந்த இரண்டு இரவு தவறவிடக் கூடாதது. ஏழு மணிக்கு மேல் வெளியாட்கள் எல்லாம் மலையேறிப் போய்விடுவார்கள். அப்புறம் நீர் பாறையில் மோதும் ஓசையும், யாரோ வீட்டு வானொலியும் மட்டும்.

மீன் ஆர்டர் பண்ணா பில் பயங்கரமா வருதாமே, ஏமாத்தறாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை, முறை தெரியாததுதான் காரணம். நல்ல மீனுக்குத் தட்டு விலை இருக்காது, கிலோ விலைதான். பட்டியலில் 60 என்று போட்டிருந்தால் அது ஒரு கிலோவுக்கு. ‘உள்ளே வந்து பாருங்கள்’ என்று கூப்பிடுவார்கள், போங்கள். ஐஸில் அடுக்கியிருக்கும் மீனைக் காட்டுவார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்ததும், சமைப்பதற்கு முன்னால் எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் ஒரு தவறும் இல்லை, உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் நாக்குக்குச் சட்டென்று பிடிப்பவை சின்ன மீன்கள். பார்பூனி என்பது நம் நவரை மீனின் உறவு, வறுத்தால் தலையோடு சாப்பிடலாம், விலை கொஞ்சம் அதிகம். காவ்ரோஸ் நெத்திலி வகை, சார்தெலா மத்தி வகை. மாரிதா என்ற பொடிமீனை மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து எலுமிச்சையோடு தருவார்கள். இவை தட்டு விலையிலேயே கிடைக்கும். சிபூரா, லவ்ராக்கி என்ற பெயர்கள் எல்லாக் கடையிலும் இருக்கும், பெரும்பாலும் பண்ணையில் வளர்த்தவை. கெட்டது இல்லை, ஆனால் மீனவர் கரைக்கு வந்து அதைச் சாப்பிட வேண்டுமா என்று யோசியுங்கள். ‘இன்று காலை எது வந்தது?’ என்று கேட்பதே சிறந்த ஆர்டர்.

உறைபதன மீன் என்றால் பட்டியலில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது அங்கே விதி. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ, ‘κατ.’ என்ற மூன்றெழுத்தோ இருந்தால் அதுதான் பொருள். ரசீது தராவிட்டால் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்றும் சட்டம் சொல்கிறது, பல பட்டியல்களின் அடியில் அச்சடித்தே இருக்கும்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

பயப்படாதீர்கள். கிரேக்கச் சமையலில் எண்ணெயில் வேகவைத்த காய்கறி உணவுகளே தனி வகை, லதேரா என்பார்கள். மஞ்சள் பருப்பு மசியலான ஃபாவா, தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை போன்ற யிகாந்தெஸ், எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிய காட்டுக்கீரை ஹோர்த்தா, அரிசி அடைத்த தக்காளி. மிலோஸுக்கே உரியது பிதராக்கியா என்ற சின்னப் பாலாடைக்கட்டி சோமாசி. தக்காளியும் வெங்காயமும் பரப்பிச் சுட்ட லதேனியா என்ற ரொட்டியும் கிடைக்கும், அது கிமோலோஸில் பிரபலம்.

‘நிஸ்தீசிமோ’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். விரத உணவு என்று பொருள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ விரதத்தில் இரத்தமில்லாத கடலுயிர்களுக்கு அனுமதி உண்டு. கணவாய், இறால் சேர்ந்த உணவையும் நிஸ்தீசிமோ என்பார்கள். அதனால் கடலுணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். காரம் எதிர்பார்க்காதீர்கள், ஒரு சின்னப் புட்டி ஊறுகாய் எடுத்துப் போங்கள்.

துணி மாதிரி கொடியில பேய்க்கணவாய் காயப் போட்டிருக்காங்களே, கருவாடா?

கருவாடு இல்லை. எட்டுக்கால் பேய்க்கணவாயைப் பிடித்ததும் பாறையில் பலமுறை அடித்து, நுரை வரும்வரை தேய்த்துச் சதையை இளக்குவார்கள். பிறகு சில மணி நேரமோ ஒரு நாளோ வெயிலில் தொங்கவிடுவார்கள். நீர் வடிந்தால்தான் கரியில் போடும்போது தன் நீரிலேயே அவியாமல் வாட்டமாகச் சுடும், சுவையும் திரளும். தவேர்னா வாசலில் தொங்குவது அன்று மாலைக்கான உணவு. கை வைத்துப் பார்க்க வேண்டாம்.

வீட்டு வாசல்ல நின்னு போட்டோ எடுக்கலாமா? எல்லாரும் எடுக்கறாங்களே.

எடுக்கிறார்கள், அதுதான் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய தொல்லை. முன்பே சொன்னேன், அது தெரு இல்லை. கிளிமாவின் நடைபாதை என்று நாம் நினைப்பது பல இடங்களில் ஒவ்வொரு வீட்டின் முன்திண்ணை. நடந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது, படிக்கட்டில் ஏறி மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நிற்பது, திறந்த கதவுக்குள் செல்பேசியை நீட்டுவது, காயும் வலையை ஓரமாக ஒதுக்குவது எல்லாம் அத்துமீறல். மே மாதத்தில் மணப்பெண் உடையில் ஒருவரும் படப்பிடிப்புக் குழுவும் ஒரு வாசலை ஒரு மணி நேரம் அடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரப் பெரியவர் கையில் ரொட்டியோடு அவர்கள் முடிக்கும்வரை வெளியே நின்றார். அந்தக் காட்சி இன்னும் என்னை உறுத்துகிறது.

ஆளைப் படம் எடுப்பதற்கு முன் ‘போரோ?’ என்று கேளுங்கள். ‘எடுக்கலாமா?’ என்ற அர்த்தம் வந்துவிடும். காலையில் ‘கலிமேரா’, எப்போதும் ‘எஃபரிஸ்தோ’, அதாவது நன்றி. கேட்டவர்களில் என்னை மறுத்தது ஒருவர்தான். மற்றவர்கள் நின்று பேசினார்கள், ஒருவர் வலை பொத்தும் ஊசியைக் கையில் கொடுத்துக் காட்டினார். நம் ஊர் ஊசியும் அதுவும் ஒரே வடிவம். என் தாத்தா ஊர்க் கரையில் பார்த்தது என்று சைகையில் சொன்னேன், அவர் வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மீனவரோட படகுல கடலுக்குப் போக முடியுமா?

பயணிகளை ஏற்ற உரிமம் வாங்கிய மீன்பிடிப் படகுகள் உண்டு. அவற்றில் மட்டும் போங்கள். உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பாருங்கள். துறையில் நிற்கும் யாரோ ஒருவரிடம் பணம் நீட்டி ‘கூட்டிப் போங்கள்’ என்று கெஞ்சினால், பிடிபட்டால் சிக்கல் அவருக்கு.

பொதுவாக மாலையில் வலை போட்டு விடியலில் எடுப்பார்கள். அதனால் உண்மையான வேலை பார்க்க வேண்டுமென்றால் அதிகாலை எழ வேண்டும். முடியாவிட்டாலும் காலை ஏழு எட்டு மணிக்குப் பொல்லோனியாத் துறையில் போய் நின்றால் போதும். வலையிலிருந்து மீன் பிரிப்பது, பூனைகள் சுற்றி நிற்பது, தவேர்னாக்காரர் வந்து பேரம் பேசுவது எல்லாம் கண்ணெதிரே நடக்கும்.

அம்மாவுக்கு முட்டி வலி. அழைச்சிட்டுப் போகலாமா?

வண்டி இருந்தால் போகலாம். கிளிமாவுக்குக் கீழே வரை சரிவான ஒடுங்கிய சாலை உண்டு. திரிபிதியிலிருந்து நடந்து இறங்குவது அழகுதான், ஆனால் திரும்பி ஏறுவது நமக்கே மூச்சு வாங்கும். கீழேயும் படிகள், மேடுபள்ளம், ஈரம். பெரியவர்களுக்குப் பொல்லோனியாவே வசதி. சமதளம், நிழல், உட்கார இடம். அவசரத்துக்கு 112. தீவில் சுகாதார மையம் இருக்கிறது, பெரிய சிகிச்சை என்றால் ஏதென்ஸுக்குத்தான் கொண்டு போவார்கள். விசாவுக்காக எடுத்த காப்பீடு இதற்கும் செல்லுமா என்று படித்துப் பாருங்கள்.

வண்டி எடுக்கணுமா, பஸ் போதுமா?

ஆதாமாஸ், பிளாக்கா, திரிபிதி, பொல்லோனியாவுக்குப் பஸ் உண்டு. சின்னக் கரைகளுக்கு வண்டி வேண்டும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஊரிலேயே எடுத்துவிடுங்கள். மேற்குப் பகுதி மண்சாலைகளுக்கு வாடகை வண்டிக் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. கிளிமாவுக்கு மாலையில் வண்டியோடு இறங்காதீர்கள், அஸ்தமனம் பார்க்க வரும் வண்டிகளில் சிக்கிக்கொள்வீர்கள்.

உண்மையைச் சொல்லுங்க, அங்க இன்னும் யாராவது மீன் பிடிக்கறாங்களா?

பிடிக்கிறார்கள், ஆனால் குறைந்துவிட்டார்கள். கிளிமாவில் பல சிர்மாக்களில் இப்போது படகுக்குப் பதில் சோபா இருக்கிறது. எண்ணிக்கையில் பார்த்தால் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிக மீன்பிடிப் படகுகள் கிரேக்கத்தில்தான், அவற்றில் மிகப் பெரும்பாலானவை 12 மீட்டருக்கும் குறைவான சிறு படகுகள். ஒருவரோ இருவரோ ஓட்டுபவை. மகன் வாடகை வீடு நடத்தினால் நான்கு மாதத்தில் ஆண்டு வருமானம் வந்துவிடும்போது அப்பாவின் படகில் ஏற யோசிப்பான்.

அதற்கும் மேல் ஒரு இழப்பு நடந்தது. மீன்வளம் குறைவதைத் தடுக்க, மீன்பிடி உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகை 1990கள் முதல் கிடைத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் உரிமத்தோடு படகையும் அழிக்க வேண்டியிருந்தது. கைக்கி என்று சொல்லும் கையால் கட்டிய மரப்படகுகள், இருமுனையும் கூர்த்த திரெஹந்திரி வகைப் படகுகள் ஆயிரக்கணக்கில் இயந்திரத்தால் நொறுக்கப்பட்டன. கட்டும் தச்சர்களும் அருகிவிட்டார்கள். அதனால் துறையில் ஒரு மரப்படகு மிதப்பதைப் பார்த்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

கடலும் மாறிவிட்டது. சூயஸ் கால்வாய் வழியாகச் செங்கடலிலிருந்தும் இந்தியப் பெருங்கடலிலிருந்தும் மீன்கள் மத்தியதரைக் கடலுக்குள் வந்துவிட்டன. அதில் விஷமுள்ள பேத்தை மீன் வலையைக் கடித்துக் கிழிக்கிறது, விற்கவும் முடியாது. நமக்குத் தெரிந்த மீன்தான். அவர்களுக்கு அது புதிய எதிரி.

காத்து அடிச்சு கப்பல் நின்னுட்டா என்ன பண்றது?

மெல்தேமி பற்றி மேலே சொன்னேன். காற்று ஓர் அளவைத் தாண்டினால் துறைமுகக் காவல்துறை கப்பல்களை நிறுத்திவிடும். முதலில் நிற்பது அதிவேகக் கப்பல்கள், பெரிய சாதாரணக் கப்பல் பல சமயம் ஓடும். ரத்தானால் பணம் திரும்பப் பெறவோ வேறு பயணத்துக்கு மாறவோ ஐரோப்பிய விதி உரிமை தருகிறது. ஆனால் வானிலையால் ரத்தானால் இரவு தங்கும் செலவைக் கப்பல் நிறுவனம் தர வேண்டியதில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று: ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருங்கள். காலையில் கப்பல், மாலையில் விமானம் என்று யாரும் திட்டமிடாதீர்கள்.

அங்க குளிக்க பயமில்லையா?

கிளிமாவில் பாறையும் படகும்தான், குளிக்க ஃபிரோபொத்தமோஸ் போங்கள். பாறையில் கறுப்பு முள்பந்து போல் ஒட்டியிருக்கும் உயிரை மிதித்தால் முள் ஏறிவிடும், ரப்பர்ச் செருப்பு போடுங்கள். கிமோலோஸ், பொலியேகோஸ் தீவுகளின் பக்கத்துக் குகைகளில் மத்தியதரைக் கடல்நாய் என்ற மிக அரிய சீல் வாழ்கிறது. குகைக்குள் நீந்திப் போய்த் தேட வேண்டாம், குட்டியோடு இருக்கும் தாய் இடத்தை விட்டே போய்விடும். மீனவர்கள் வலையைக் கிழிக்கும் அதைப் பற்றிக் குறை சொன்னாலும், பார்த்த கதையை ஆசையோடுதான் சொல்கிறார்கள்.

கிளிமா பார்க்க ஒரு மணி நேரம் போதும்னு சொல்றாங்க. சரியா?

அங்கே நடந்து முடிக்க இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்தச் சரிவு முழுக்க ஒரு பழைய நகரம் புதைந்திருக்கிறது. கிளிமாதான் பண்டைய மிலோஸ் நகரின் துறைமுகம். மேலே கடலைப் பார்த்தபடி ரோமானியர் காலப் பளிங்கு அரங்கு, கொஞ்சம் தள்ளி ஆதிகிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகள். 1820இல் ஒரு விவசாயி தன் நிலத்தில் கல் எடுக்கும்போது கிடைத்ததுதான் இன்று பாரிஸ் லூவ்ரில் இருக்கும் மிலோஸ் வீனஸ் சிலை. பிளாக்கா அருங்காட்சியகத்தில் அதன் நகல் உண்டு. காலையில் பிளாக்கா, பிறகு அரங்கு, மாலையில் நடந்து கிளிமாவுக்கு இறக்கம் என்று ஒரு முழு நாள் வையுங்கள்.

கூட்டமே இல்லாம குளிர்காலத்துல போனா எப்படி இருக்கும்?

பாதி கடைகள் மூடியிருக்கும். கப்பல்கள் குறைவு, நின்றும் போகும். சிர்மாக்களின் கதவுகள் அடைத்திருக்கும். தங்க ஆதாமாஸோ பிளாக்காவோதான் சரி.

நான் குளிர்காலத்தில் போனதில்லை, அடுத்து போக விரும்புவது அப்போதுதான். டிசம்பர் 6 கடலோடிகளின் காவலரான புனித நிக்கோலாஸ் நாள். ஜனவரி 6 அன்று தியோஃபானியா என்ற திருநாள். பாதிரியார் துறைக்கு வந்து கடலை ஆசீர்வதித்துச் சிலுவையை நீரில் எறிவார், ஊர்ப் பையன்கள் அந்தக் குளிரில் குதித்து அதை எடுத்து வருவார்கள். வலை ஊசியைக் காட்டிய அந்தப் பெரியவர் சின்ன வயதில் ஒருமுறை தான் அதை எடுத்ததாகச் சொன்னார். ‘ஜனவரியில் வா, என் பேரன் குதிப்பான்’ என்றார்.